மேட்டு வயலும் மூன்றாவது மூட்டையும்: 2016 வறட்சியில் கூடலூர்ப் பக்கத்து நெற்பயிர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நீலகிரி மாவட்டத்தில் நெல் விளைவது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஊட்டியிலிருந்து மேற்கே இறங்கினால், சுமார் 1000 மீட்டர் உயரத்தில் கூடலூரும் பந்தலூரும் இருக்கின்றன. அங்கே இரு குன்றுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் படிப்படியாக வரப்பு கட்டி நெல் நடுகிறார்கள். தேயிலை, வாழை, இஞ்சி என்று நிலம் மாறிக்கொண்டே வந்தும், ஸ்ரீமதுரை, புத்தூர்வயல், மண்வயல் பக்கங்களில் வயலை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஐப்பசியில் பூப்புத்தரி என்ற அறுவடைத் திருவிழாவுக்கு முதல் கதிர் அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் இன்னும் இருக்கிறது.

இந்த வயல்களுக்கு அணைத் தண்ணீர் கிடையாது. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும் நீரும், குன்றின் அடியில் கசியும் ஊற்றும்தான் எல்லாம். மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் நீரை வடிப்பதுதான் வேலை. ஐப்பசிக்கு முன்பே மழை நின்றுவிட்டால், பள்ளத்தின் மேல் படிகளில் இருக்கும் வயல் முதலில் காயும். கீழ்ப் படிகளில் ஊற்றுக் கசிவு இன்னும் சில வாரங்கள் தாங்கும். பயிருக்கு மிக ஆபத்தான கதிர் வரும் பருவம் சரியாக அந்த நாட்களில்தான் வருகிறது.

2016இல் அப்படித்தான் நடந்தது. தென்மேற்குப் பருவமழை குறைந்தது. அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு அக்டோபர் 31ஆம் தேதியே மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. தமிழ்நாடு 2017 ஜனவரி 10இல் எல்லா மாவட்டங்களையும் அறிவித்தது.

அந்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் நான் பார்த்த ஒரு வயலைப் பற்றியது இந்தக் குறிப்பு. வயல் அண்ணன் தம்பி இருவருடையது. பெயரும் ஊரும் வேண்டாம் என்பதால் மூத்தவர், இளையவர் என்றே எழுதுகிறேன்.

பாகம் பிரிந்த விதம்

தகப்பனார் காலத்து வயலை நெடுக்கு வாட்டில், மேலிருந்து கீழாக, இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஊற்றுத் தண்ணீர் ஒருவருக்கு மட்டும் போய்விடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு அது. அதனால் இருவருக்குமே மேட்டு வயலும் உண்டு, பள்ளத்து வயலும் உண்டு. இருவரும் நட்டது கேரளத்திலிருந்து இந்தப் பக்கம் பரவிய உமா ரகம். நாற்றங்கால் பொது. ஜூலைக் கடைசியில் அடுத்தடுத்த நாட்களில் நடவு முடிந்தது.

உரத்தில்தான் வேறுபாடு. இளையவரிடம் மாடுகள் இருந்தன. தொழுவுரம் தாராளமாகப் போட்டு உழுதார். யூரியா ஏக்கருக்கு ஒரு மூட்டையை இரண்டாகப் பிரித்து, தூர் கட்டும் (பயிர் அடியில் பக்கத் தண்டுகள் விடும்) பருவத்துக்குள் கொடுத்து முடித்துவிட்டார். மூத்தவர் மாடுகளை விற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நட்ட மூன்றாம் வாரம் ஒரு மூட்டை, தூர் கட்டும்போது ஒரு மூட்டை, செப்டம்பர்க் கடைசியில் இன்னொரு மூட்டை என்று ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போட்டார். சாம்பல் சத்து உரமான பொட்டாஷ் போடவில்லை.

அன்றைய மூட்டை 50 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) என்பதால் மூட்டைக்கு 23 கிலோ. மூன்று மூட்டைக்கு ஏக்கருக்கு 69 கிலோ, ஹெக்டேர்க் கணக்கில் ஏறக்குறைய 170 கிலோ. நல்ல பாசனம் உள்ள மத்திய கால நெல்லுக்கே 150 கிலோதான் பரிந்துரை. அதையும் நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். மழையை மட்டும் நம்பிய நெல்லுக்கு அதில் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

மூன்றாவது மூட்டையை ஏன் போட்டார் என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு. அவரிடமே கேட்டேன். "மேல் வயல்ல இலை வெளுத்துப்போச்சு சார். பயிருக்குப் பசிக்குதுன்னுதானே அர்த்தம்? பசிக்கிறப்போ குடுக்காம எப்போ குடுக்கிறது?" என்றார். அவர் பார்த்தது சரி. இலை வெளுத்துத்தான் இருந்தது. பயிருக்குத் தழைச்சத்துப் பற்றாக்குறையும் உண்மையில் இருந்தது. மண்ணில் அது இல்லாமல் வந்த பற்றாக்குறை அல்ல அது. இருந்ததை எடுக்க முடியாமல் வந்தது.

வயலில் கண்டது

மேட்டு வயலில் காலை பத்து மணிக்கெல்லாம் மூத்தவர் பக்கத்து இலைகள் சுருண்டு ஊசியாகி நின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் இளையவர் பயிர் உச்சி வெயிலுக்குப் பிறகுதான் சுருண்டது. ஒரே மண், ஒரே வெயில். முன்னதாகச் சுருளும் பயிருக்குத் தண்ணீர் முன்னதாகத் தீர்ந்துவிடுகிறது என்று பொருள்.

மூத்தவர் பயிர் உயரமாக, அடர்த்தியாக, கரும்பச்சையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதைத்தான் நல்ல பயிர் என்பார்கள். கிட்டப் போனால் கதிர்கள் பாதி உறைக்குள்ளேயே சிக்கி, தொண்டைக் கதிராக நின்றன. வெளியே வந்தவற்றில் பல வெளுத்து நிமிர்ந்து நின்றன. அமுக்கிப் பார்த்தால் பதர். இளையவர் பயிர் குட்டை, தூர் குறைவு, நிறமும் வெளிர். ஆனால் கதிர் முழுவதும் வெளிவந்து, பாதிக்கு மேல் பால் பிடித்திருந்தது.

பள்ளத்து வயலில் நிலைமை நேர் எதிர். அங்கே மூத்தவர் பயிர்தான் மேல். கதிர் நீளம், மணி நிறைவு, தூர் எண்ணிக்கை எல்லாவற்றிலும் தம்பியின் பயிரை மிஞ்சி நின்றது. காலை வைத்தால் ஈரம் தெரியும் களிமண் அது. அதே மூன்று மூட்டை கீழே விளைச்சலாகியிருந்தது, மேலே பதராகியிருந்தது.

இரண்டு பக்கமும் மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தோம். மேட்டு வயலில் மேல்மண் ஆழம் குறைவு, அடியில் செம்பூராங்கல் சரளை. மூத்தவர் பயிரின் வேர் பெரும்பாலும் மேலே ஒரு சாணுக்குள்ளேயே பின்னிக் கிடந்தது. இளையவர் பயிரில் வேர்கள் எண்ணிக்கையில் குறைவென்றாலும் சரளை வரை இறங்கியிருந்தன. அவர் போட்ட தொழுவுரத்தால் மண்ணும் கையில் பிடித்தால் கொஞ்சம் உருண்டு நின்றது. அண்ணன் பக்கத்து மண் பொடியாக உதிர்ந்தது.

வெண்கதிருக்குக் காரணம் எது?

வெளுத்த கதிரைப் பார்த்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைக்காரர் புழு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். பக்கத்து வயல்காரர் பனிதான் காரணம் என்றார். காரணம் தவறினால் மருந்துச் செலவும் வீண், அடுத்த ஆண்டு பாடமும் வீண். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

தண்டுத் துளைப்பான் தாக்கிய வெண்கதிர், பிடித்து இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிடும். அடியில் கடித்த தடமும் தண்டுக்குள் கழிவும் இருக்கும். இங்கே ஒன்றிரண்டுதான் அப்படி வந்தன. மற்றவை உறுதியாக நின்றன.

பனியை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. நெல்லில் மகரந்தம் உருவாகும் நாட்களில் இரவுக் குளிர் கூடினால் மகரந்தம் மலடாகும். தழைச்சத்து மிகுந்த பயிரில் அந்தப் பாதிப்பு இன்னும் கூடும். கூடலூரில் ஐப்பசி இரவுகள் குளிர்ந்தவைதான். ஆனால் குளிர்காற்று கனமானது, பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். குளிர்தான் முதன்மைக் காரணமென்றால் கீழ் வயல்தான் அதிகம் கெட்டிருக்க வேண்டும். அதே ரகம், அதே நடவு, இன்னும் அதிகக் குளிர், இருந்தும் கீழே மணி நிறைந்திருந்தது. ஆகவே குளிர் துணைக் காரணமாக இருந்திருக்கலாமே தவிர முதற்காரணம் அல்ல.

மூன்றாவது, கதிரின் கழுத்தைத் தாக்கும் பூசண நோயான கழுத்துக் குலை நோய். மூத்தவரின் மேட்டு வயலில் வெளுத்த கதிர்கள் பலவற்றின் கழுத்துக் கணுவில் பழுப்புக் கறுப்புப் பட்டை தெளிவாக இருந்தது. இலைகளிலும் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள். தம்பி பக்கம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மீதி வெண்கதிர்களில் கழுத்தில் எந்தத் தடமும் இல்லை. அவை உறையை விட்டு முழுதாக வராதவை, அடிப்பாகத்து மணிகள் முற்றிலும் பதர். இது வறட்சியின் நேரடி அடையாளம்.

எனவே மேட்டு வயலில் இரண்டு அடிகள் விழுந்திருந்தன: ஒன்று தண்ணீர் இன்மை, இன்னொன்று குலை நோய். இரண்டையும் பெரிதாக்கியது யூரியா.

மண்ணுக்குள் நடந்தது

வேர் தழைச்சத்தை எடுப்பது தண்ணீர் வழியாகத்தான். இலை நீராவியாக்கும்போது மண்ணிலிருந்து நீர் வேரை நோக்கி நகர்கிறது, அதில் கரைந்த சத்தும் கூடவே வருகிறது. மீதி, ஈரப்படலத்தின் வழியே மெல்லப் பரவி வேரை அடைகிறது. மண் காய்ந்தால் இரண்டு வழியும் அடைபடும். செப்டம்பர் இறுதியில் மேட்டு வயலில் இலை வெளுத்ததற்கு இதுவே விளக்கம். அந்த நேரத்தில் மேலே தூவிய யூரியா பயிருக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

தூவிய யூரியா என்ன ஆனது? காலைப் பனியில் நனைந்த மேற்பரப்பில் அது கரைந்து, மண்ணிலுள்ள யூரியேஸ் நொதியால் அம்மோனியமாக மாறும். அந்த இடத்தில் மட்டும் காரத்தன்மை உயர்வதால், இங்குள்ளது போன்ற அமில மண்ணிலும் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போகும். நின்ற நீரில் அம்மோனியமாகவே இருந்திருக்க வேண்டியது, காற்றோட்டமுள்ள காய்ந்த மண்ணில் நைட்ரேட்டாக மாறும். பிறகு மழை வந்து மண் மூச்சு முட்டும்போது அந்த நைட்ரேட்டின் ஒரு பங்கு கீழே இறங்கிப் போகும், ஒரு பங்கு நுண்ணுயிர்களால் நைட்ரஜன் வாயுவாகக் கழியும். பொதுவாகவே நெல்லுக்கு இடும் தழைச்சத்தில் 30 முதல் 40 விழுக்காடுதான் பயிருக்குச் சேர்கிறது. காய்ச்சலும் ஈரமும் மாறி மாறி வரும் மண்ணில் அதுவும் குறையும்.

அக்டோபர் நடுவில் ஒரு நல்ல மழை வந்தது. மண்ணில் மிஞ்சியிருந்ததையெல்லாம் பயிர் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டது. ஒரு வாரத்தில் வயல் கரும்பச்சையானதாக மூத்தவரே சொன்னார். "அப்போ நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் சார்." உண்மையில் கேடு அங்கேதான் தொடங்கியது. இலைப்பரப்பு பெருகினால் ஆவியாகும் நீரும் பெருகும். வேரை விடத் தண்டும் இலையும் வேகமாக வளர்ந்தன. அந்த மழைக்குப் பிறகு வானம் மீண்டும் வறண்டது. வீட்டில் விருந்தாளிகள் நிறைந்த பிறகு கிணறு வற்றியதைப் போல, செலவு உச்சத்தில் இருக்கும்போது வரவு நின்றுபோனது. கதிர் உறையை விட்டு வெளிவரும் நாட்களில் மண்ணில் ஈரம் மிச்சமில்லை. தம்பியின் சிறிய பயிர் அதே மழை ஈரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து, பூக்கும் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

நெல்லுக்குத் தூர் கட்டும்போது வரும் வறட்சியை விடப் பூக்கும்போது வரும் வறட்சி பல மடங்கு கொடியது. தூர்ப் பருவத்தில் காய்ந்த பயிர் மழை வந்ததும் புதிய தூர் விட்டு ஈடுகட்டும். மலடான மகரந்தத்துக்கும் உறைக்குள் சிக்கிய கதிருக்கும் ஈடு கிடையாது.

குலை நோய்க்கும் இதே சூழல்தான் தோது. தழைச்சத்து மிகுந்த இலை மென்மையாகி, நோய்ப் பூசணத்துக்கு உணவு நிறைந்து நிற்கிறது. காய்ந்த மண்ணிலிருந்து பயிர் சிலிக்காவைக் குறைவாக எடுப்பதால் இலைத்தோல் கடினப்படுவதில்லை. மேகமில்லாத வறட்சி இரவுகளில் பனி கொட்டி, விடிந்த பிறகும் இலை நெடுநேரம் நனைந்திருக்கிறது. மழையில்லாத ஆண்டில் பூசண நோய் எப்படி என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். மலைப் பள்ளத்தில் பனியே அதற்குப் போதுமான ஈரம்.

அறுவடை

டிசம்பர்க் கடைசியில் அறுத்தார்கள். மேட்டு வயலில் மூத்தவருக்கு வழக்கமாகக் கிடைப்பதில் கால் பங்கு அளவே தேறியது. இளையவருக்குப் பாதிக்குச் சற்று மேல். பள்ளத்து வயலில் மூத்தவர் ஏறக்குறைய வழக்கமான விளைச்சலை எடுத்தார், இளையவர் அதைவிடக் குறைவாக. வைக்கோல் மட்டும் மேலும் கீழும் மூத்தவருக்கே அதிகம். மேட்டு வயலில் தழைச்சத்து வீணாகாமல் பயிருக்குப் போன பங்கு வைக்கோலில் நின்றுவிட்டது, மணிக்கு வரவில்லை என்பதை அது காட்டியது.

இது திட்டமிட்டு நடத்திய பரிசோதனை அல்ல. தொழுவுரத்தின் பங்கையும் யூரியாவின் பங்கையும் இந்த ஒரு வயலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இளையவரின் மேட்டு மண் ஈரம் பிடித்ததில் தொழுவுரத்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும், யூரியாவின் பலன் தண்ணீரைப் பொறுத்துத் தலைகீழாக மாறியதை ஒரே குடும்பத்தின் நான்கு துண்டு நிலம் இவ்வளவு தெளிவாகக் காட்டுவது அரிது.

வறட்சியில் யூரியாவே ஆகாதா?

இந்தக் கதையைக் கேட்ட சிலர் அந்த முடிவுக்கு வந்தார்கள். அது தவறு, இன்னொரு வகையில் நஷ்டமும்கூட. தழைச்சத்துப் பட்டினியில் இருக்கும் பயிர் வறட்சியை நன்றாகத் தாங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இலையில் ஒளிச்சேர்க்கை செய்யும் ருபிஸ்கோ நொதி, செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்க உதவும் புரோலின், வறட்சியில் உண்டாகும் நச்சை முறிக்கும் நொதிகள் எல்லாமே தழைச்சத்தால் ஆனவை. மிதமான வறட்சியில் அளவான தழைச்சத்து பெற்ற பயிர் இலையை நெடுநாள் பச்சையாக வைத்திருக்கும், மழை வந்ததும் விரைவில் மீளும். வேர் வளரவும் தொடக்கத்தில் தழைச்சத்து வேண்டும். மண்ணில்லாமல் நீரில் வளர்த்து நடத்திய ஆய்வுகளில், நைட்ரேட் பெற்ற நெல் நாற்றுகளை விட அம்மோனியம் பெற்றவை நீர்ப் பற்றாக்குறையை நன்றாகத் தாங்கியதும் தெரிந்திருக்கிறது. இளையவர் யூரியாவே போடாமல் விட்டிருந்தால் மேட்டு வயலில் அந்தப் பாதியும் தேறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

மண்ணில் ஈரம் இருக்கும் தொடக்கத்தில் கொடுத்தது காப்பாற்றுகிறது. மண் காய்ந்த பிறகு, கதிர் உருவாகும் பருவத்தில் மொத்தமாகக் கொட்டியது கெடுக்கிறது. என் வருத்தமெல்லாம், நாம் விவசாயிகளுக்குக் கொடுக்கும் உர அட்டவணை நாட்கணக்கில் இருக்கிறதே என்பதுதான். நட்ட இத்தனையாம் நாள் இத்தனை கிலோ என்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வரும் ஊருக்கு அது சரி. கூடலூர் மேட்டு வயலுக்கு நாளைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையும் இங்கே தனித்து நம்பக்கூடியதல்ல. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே போனால் யூரியா கொடு என்பது அதன் விதி. தண்ணீர் நிற்கும் வயலில் அருமையான கருவி. காய்ந்த வயலில் இலை வெளுத்தால் அட்டை யூரியா கேட்கும், பயிர் கேட்பது தண்ணீரை. சில நேரம் சுருண்ட இலை உண்மையை விடக் கருமையாகவும் தெரியும். மண் ஈரமாக இருக்கும் நாளில், இலை விரிந்திருக்கும் காலை வேளையில் மட்டும் அட்டையைப் பிடிக்கச் சொல்கிறேன்.

அடுத்த பருவத்தில் மாற்றியவை

2017இல் இருவரும் மேட்டு வயலையும் பள்ளத்து வயலையும் இரண்டு பயிராகவே நடத்தத் தீர்மானித்தார்கள். பள்ளத்துக்குப் பழைய தவணைகளே தொடர்ந்தன. மேட்டுக்குத் தொழுவுரம் இருவருக்கும் பொதுவாக இளையவரின் தொழுவத்திலிருந்து வந்தது. பொட்டாஷைச் சேர்த்தார்கள். இலைத்துளைகள் மூடித் திறப்பதை ஒழுங்குபடுத்தும் சத்து அது. யூரியாவைக் குறைத்து, நட்ட பிறகு சேற்றில் ஈரம் இருக்கும்போதே பெரும்பங்கைக் கொடுத்தார்கள்.

கடைசித் தவணைக்கு ஒரு நிபந்தனை வைத்தோம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையில் பயன்படும் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மேட்டு வயலில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று புதைத்தோம். கதிர் உருவாகும் பருவத்தில் குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கடைசித் தவணை போடலாம். அதற்குக் கீழே போயிருந்தால் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. மழைக்குக் காத்திருந்து, பெய்தாலும் பூக்கும் பருவம் நெருங்கிவிட்டால் அதை அடுத்த பயிருக்கு வைத்துவிட வேண்டும். வறட்சி தொடர்ந்தால் 1 விழுக்காடு பொட்டாஷியம் குளோரைடு கரைசலை மாலையில் இலைவழி தெளிப்பது என்றும் முடிவு.

மூத்தவருக்கு இதில் மனம் ஒப்பச் சில நாட்கள் ஆயின. வெளுத்த பயிரைப் பார்த்துக்கொண்டு கையில் இருக்கும் உரத்தைப் போடாமல் நிற்பது எளிதல்ல. யூரியா விலையும் ஒரு காரணம். இன்று 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, பொட்டாஷ் அதைப் போலப் பல மடங்கு. விலை குறைந்ததை அள்ளிப் போடத்தான் யாருக்கும் கை போகும். தம்பிதான் பேசிச் சம்மதிக்க வைத்தார்: "அண்ணா, கீழ் வயலுக்கு வேணும்னா போடுங்க. மேல குழாய் சொல்றத கேப்போம்."

2017இல் மழை ஓரளவு பெய்தது. மேட்டுக் குழாயில் நீர் 15 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவே இல்லை, கடைசித் தவணையும் போட்டார்கள், குலை நோயும் தலைகாட்டவில்லை. ஆகவே அந்த நிபந்தனை உண்மையான வறட்சியில் என்ன செய்யும் என்பது அந்த ஆண்டில் தெரியவில்லை. குழாயைப் பிடுங்காமல் வைத்திருக்கிறார்கள். மேல்கடைசிப் படி இரண்டில் மட்டும், நடவை முன்தள்ளி, மழை நிற்பதற்குள் பூத்துவிடும் குறுகிய கால ரகத்தை மூத்தவர் நட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.